நீரிழிவும் கருமவினையும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நீரிழிவு வியாதியினால் சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிவதைப் பற்றியும், அதனால் தோலில் உண்டாகும் கெடுதிகளைப் பற்றியும் பேச வேண்டுமென்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். "இது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, இந்தக் கூட்டத்தில் இதற்கு என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் வைத்தியன் அல்ல. வைத்தியம் சொல்ல இங்கு வரவுமில்லை. ஆனால் எந்த வியாதிக்குக் காரணம் ஜனங்களுக்குத் தெரியவில்லையோ, அந்த வியாதியின் வாசலில்தான் மந்திரக்காரனும், ஜோசியனும், பரிகாரம் சொல்லுகிறவனும் கடை விரிக்கிறார்கள். காரணம் தெரிந்துவிட்டால் கடையைக் கட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறார்கள். அம்மை வார்த்திருக்கிறது என்று வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றிக் கும்பிட்ட பெரியம்மையை, ஊசி குத்தியே உலகத்தை விட்டு ஓட்டினார்கள். அது ஒழிந்துவிட்டதென்று 1980-ம் வருஷத்தில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால் எந்த அம்மனுக்கும் கோபம் வந்து யாரையும் தண்டித்ததாகத் தெரியவில்லை. ஆகவே, காரணம் தெரியாத ஒரு வியாதியின் காரணத்தைச் சொல்லுவதும் இந்த மேடையின் வேலைதான் என்பது எனது அபிப்பிராயம்.

ஊர் சொல்லும் காரணம்

நம் ஊரில் நடக்கிற காரியத்தையே எடுத்துக்கொள்ளுவோம். ஒரு அம்மாள் இருக்கிறாள். பதினைந்து இருபது வருஷமாய்ச் சர்க்கரை வியாதி. இப்பொழுது சிறுநீரகமும் கெட்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ளுகிறாள். ஒரு நாள் தொடையிலோ அடிவயிற்றிலோ தீயை வைத்தது போல் வலிக்கிறது என்கிறாள். பார்த்தால் தோலில் ஒன்றுமில்லை. சில நாள் கழித்து வலை பின்னினாற்போல் ஊதா நிறக் கோடுகள் தெரிகின்றன. பிறகு அந்த இடம் கல்லாக இறுகி, கறுத்து, புண்ணாய் வெடிக்கிறது. வீட்டில் என்ன சொல்லுகிறார்கள்? ஒருவர் அக்கி என்று சொல்லிக் காவி எழுதச் செய்கிறார். ஒருவர் நாக தோஷம் என்கிறார். ஒருவர் செய்வினை என்று எலுமிச்சம்பழம் அறுக்கிறார். இவர்களையெல்லாம் மிஞ்சின பெரிய மனிதர் ஒருவர் வந்து, "போன ஜன்மத்துக் கருமம், அனுபவித்துத்தானே தீரவேண்டும்" என்று சொல்லி, காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

தோழர்களே, இந்தக் கருமத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1943-ல் ஹாலந்து தேசத்தில் வில்லெம் கோல்ப் என்ற டாக்டர், உடம்பிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் யந்திரத்தை மனிதருக்கு உபயோகித்தார். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்பவர், அதை வாரந்தோறும் வருஷக்கணக்காய்ச் செய்வதற்கு வழி கண்டார். அதற்கு முன் சிறுநீரகம் அடியோடு கெட்டவர்கள் சீக்கிரமே செத்துப் போனார்கள். ஆதலால் இந்தக் கரும்புண் மிக மிக அபூர்வமாகவே காணப்பட்டது. யந்திரம் வந்து அவர்கள் பிழைத்து நடமாட ஆரம்பித்த பிறகுதான் அதிகமாய்க் கண்ணில் பட்டது. அப்படியானால் போன ஜன்மத்துப் பாவம் இந்த யந்திரம் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்ததா? அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொள்ளுகிற 10,000 பேரில் வருஷத்துக்குச் சுமார் 35 பேருக்கு இது வருவதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஜப்பானில் இதைவிட மிக மிகக் குறைவு. அப்படியானால் ஜப்பானியர்கள் எல்லோரும் போன ஜன்மத்துப் புண்ணியவான்கள், அமெரிக்கர்கள் பாவிகள் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றெல்லாம் பார்த்துக்கொண்டு வருகிற கருமம் உண்டா? அப்படிப் பார்த்து வருகிற ஒன்று இருந்தால் அதற்குக் கருமம் என்று ஏன் பெயர்? காரணம் என்றே சொல்லிவிடலாமே!

சிறுநீரகத்தின் வேலை

நிற்க, அந்தக் காரணம் என்னவென்று பார்ப்போம். நம் முதுகுப் பக்கத்தில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்காய் அதிகமாயிருந்தால் இந்த வடிகட்டிகள் கொஞ்சங் கொஞ்சமாய்க் கெடுகின்றன. முதலில் ஓட்டை விழுந்த சல்லடை மாதிரி, இரத்தத்தில் நிற்க வேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. அப்பொழுது வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, மனிதன் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருப்பான். கால் வீங்கி, மூச்சு வாங்கி, வாந்தி வந்து அவன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பெரும்பாலான வடிகட்டிகள் போய்விட்டிருக்கும். உலகத்தில் சிறுநீரகம் அடியோடு கெடுவதற்கு முதற் காரணமாய் நிற்பது இந்த நீரிழிவுதான். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நம் தேசத்தில் நீரிழிவுள்ளவர்கள் 10 கோடிப் பேருக்கு மேல். ஆகையால் இது யாரோ பணக்காரர் வீட்டு வியாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சிறுநீரகம் மூத்திரத்தைப் பிரிப்பது ஒன்றைத்தான் செய்கிறது என்று நினைக்கிறோம். அது தவறு. நாம் சாப்பிடுகிற ஆகாரத்திலிருந்து வரும் பாஸ்பரஸில் உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தை வெளியே தள்ளுவதும் அதன் வேலை. சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தைக் குடல் ஏற்றுக்கொள்ளும்படி வைட்டமின் டி-யைப் பக்குவப்படுத்துவதும் அதன் வேலை. சிறுநீரகம் கெட்டவுடன் பாஸ்பரஸ் வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் தேங்குகிறது. கால்சியமோ சரியாய் ஏறுவதில்லை. தொண்டையில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் பயறு அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. வீட்டில் பணமுடை வந்தால் நகையை எடுத்து அடகு வைப்பதுபோல், அவை எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து இரத்தத்தில் கொட்டுகின்றன. கூடவே எலும்பிலுள்ள பாஸ்பரஸும் வந்து விழுகிறது. எலும்பு பலவீனப்படுகிறது, இரத்தத்திலோ இரண்டு சரக்கும் அளவுக்கு மீறிச் சேருகின்றன.

குழாயில் எலும்பு

இரத்தக் குழாயில் சுண்ணாம்பு இருப்பதை வைத்தியர்கள் வெகு நாளாய்க் கண்டிருக்கிறார்கள். எலும்பிலிருக்க வேண்டிய சுண்ணாம்பு உடம்பின் மற்ற இடங்களில் போய்ப் படிவதை ஜெர்மனியில் ருடால்ப் விர்கோவ் 1855-லேயே எழுதினார். குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் அது படிவதை 1903-ல் யோஹான் மோன்கெபெர்க் என்ற ஜெர்மானியர் விளக்கினார். உப்புத் தண்ணீர் காய்ச்சுகிற அண்டாவில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதுபோல் தானாகப் படிகிறது என்றுதான் பல காலம் நினைத்தார்கள். இப்பொழுது தெரிந்திருக்கிற விஷயம் அதைவிட ஆச்சரியமானது. குழாயின் நடு அடுக்கில் இருப்பவை தசை அணுக்கள். சுருங்கி விரிவதே அவற்றின் தொழில். பாஸ்பரஸ் அதிகமான திரவத்தில் இருக்கும்போது அவை தசைத் தொழிலை விட்டுவிட்டு எலும்பு அணுக்களைப் போல் வேலை செய்ய ஆரம்பிக்கின்றன என்பதை 2000-ம் வருஷத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பரிசோதனைச் சாலையில் காட்டினார்கள். அதாவது சுண்ணாம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளுவது மாத்திரமல்ல. குழாயே தன் சுவரில் எலும்பு கட்டிக்கொள்ளுகிறது.

இது எல்லோருக்கும் நடக்காமலிருப்பதற்கு உடம்பில் காவற்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒன்று மேட்ரிக்ஸ் கிளா புரோட்டீன் என்னும் புரதம். இந்தப் புரதம் அடியோடு இல்லாதபடி பிறப்பிக்கப்பட்ட எலிகளின் குழாய்கள் சுண்ணாம்பாகி, இரண்டு மாதத்துக்குள் அவை வெடித்து எலிகள் செத்துப்போனதை 1997-ல் கண்டார்கள். இந்தக் காவற்காரன் வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற வார்பரின் என்ற மருந்து அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கிறது. ஆகவேதான் சிறுநீரகம் கெட்டவர்கள் வார்பரின் சாப்பிடும்போது இந்தக் கரும்புண் வரும் அபாயம் அதிகமாகிறது. இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் யாரும் தாமாக அந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இருதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே உயிர் போகலாம். வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் நான் சொல்லுகிறேன், பதிலை அல்ல.

குழாய் இப்படி இறுகினால் என்ன ஆகிறது? எக்ஸ்ரே படத்தில் காலின் இரத்தக் குழாய் இரண்டு தண்டவாளங்களைப் போல் வெள்ளையாய்த் தெரிகிறது. பட்டை கட்டிக் காலின் இரத்த ஓட்டத்தை அளந்தால், குழாய் அமுங்காததனால் ஓட்டம் நன்றாயிருப்பதுபோல் பொய்க் கணக்குக் காட்டுகிறது. இருதயம் விறைத்த குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளித் தடித்துப் போகிறது. வயதானால் இதெல்லாம் சகஜம்தானே என்று சிலர் சொல்லலாம். 2000-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் வாலிபர்களைப் பரிசோதித்தபோது, 20 முதல் 30 வயது வரையுள்ள 16 பேரில் 14 பேருக்கு இருதயக் குழாயில் சுண்ணாம்பு இருந்தது. ஆகையால் இது வயதின் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

தோல் கறுப்பது ஏன்?

இனி தோலுக்கு வருவோம். தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற சிறு குழாய்கள் ஓடித் தோலுக்கு இரத்தம் கொடுக்கின்றன. அந்தச் சிறு குழாய்கள் சுண்ணாம்பால் குறுகி, உள்ளே இரத்தமும் உறைந்து அடைத்துக்கொண்டால், மேலே இருக்கிற தோல் பட்டினி கிடந்து சாகிறது. மடை அடைத்தால் கடைவயல் காய்கிறதில்லையா? அதே கதைதான். கொழுப்பு அதிகமாய் இருக்கிற அடிவயிறு, தொடை, பிட்டம், மார்பு ஆகிய இடங்களில் வருவது அதிக ஆபத்தானது. காலிலும் விரலிலும் வருவதுண்டு. கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில் ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர் 1960-களின் ஆரம்பத்தில் எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளில், முதலில் உடம்பைத் தயார்ப்படுத்திவிட்டுப் பிறகு ஒரு சிறு காயமோ வேறு தூண்டுதலோ செய்தால் அங்கே சுண்ணாம்பு படிவதைக் கண்டு, அதற்குக் கால்சிபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார். எலிக்கு வந்தது மனிதருக்கு வருவதோடு முழுதும் ஒத்ததல்ல. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

இதைக் கேட்டுப் பயந்துவிடவும் கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தோலில் வருவதெல்லாம் இதுவல்ல. தோல் வறண்டு செதிலாவது மிகச் சாதாரணம். இரவெல்லாம் தூங்கவிடாத அரிப்பு அநேகம் பேருக்கு உண்டு. அதற்கு மருந்து உண்டு, விதியென்று சொறிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. சொறிந்து சொறிந்து நடுவில் அடைப்பான் வைத்தாற்போன்ற கட்டிகள் நீரிழிவுக்காரர்களுக்கு வருவதுண்டு. முழங்காலுக்குக் கீழே வலியில்லாத பழுப்புத் தழும்புகள் வருவதுண்டு. உணர்ச்சி போன பாதத்தில் முள் குத்தியது தெரியாமல் வரும் புண்ணோ வேறு ரகம். அதுவும் காலை வாங்கக்கூடியது. இவற்றையெல்லாம் கரும்புண்ணிலிருந்து பிரித்துக் காட்டுவது என்ன? வலிதான். பாதப் புண்ணில் பெரும்பாலும் வலி தெரிவதில்லை. இதிலோ புண் வருவதற்கு முன்பே, தோலில் ஒன்றும் தெரியாதபோதே, தொட்டால் துடிக்கிற வலி வருகிறது. தோல் பேசுவதற்கு முன் வலி பேசுகிறது.

பெண்களும் வெட்கமும்

இங்கேதான் நான் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. இந்த வியாதி ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாய் வருகிறது. உடல் பருமனும் நீரிழிவும் உள்ள பெண்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். வருகிற இடமோ தொடை, அடிவயிறு, மார்பு. நம் வீடுகளில் ஒரு பெண் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் யார் காதில் வாங்குகிறார்கள்? "தோலில் ஒன்றும் காணோமே, வேலைக்குச் சோம்பல்பட்டுக்கொண்டு சொல்லுகிறாள்" என்கிறார்கள். அவளும், மகனிடத்தில் இந்த இடத்தை எப்படிக் காட்டுவது, டாக்டர் ஆண்பிள்ளையாயிற்றே, அவர் முன் சேலையை எப்படி விலக்குவது என்று வாய் திறக்காமல் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு மறைத்து வைக்கிறாள். துர்நாற்றம் வந்து ஊருக்குத் தெரிகிறபோது, புண்ணின் வழியாய் விஷக் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டிருக்கிறது. இந்த வியாதி கண்டவர்களில் சுமார் பாதிப்பேர் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோகிறார்கள். அவர்களைப் பெரும்பாலும் கொல்லுவது இந்தக் கிருமி விஷம்தான்.

தோழர்களே! பெண்ணுக்கு வெட்கம் வேண்டும், பொறுமை வேண்டும் என்று நாம் இத்தனை காலம் படித்துக் கொடுத்தோம். எதற்காகப் படித்துக் கொடுத்தோம்? அவள் உடம்பைப் பற்றி அவளே பேசக்கூடாது என்பதற்காகத்தானே? ஆண்பிள்ளைக்குப் பல் வலித்தால் வீடு முழுவதும் எழுந்து நிற்கிறது. பெண்பிள்ளை தொடையில் நெருப்பாய் எரிகிறது என்றால் பொறுத்துக்கொள் என்கிறோம். பொறுமை என்கிற பேரால் அவளுக்கு மிச்சமிருக்கிற நாட்களைத் திருடிக்கொள்ளுகிறோம். இங்கே வந்திருக்கிற தாய்மார்களுக்குச் சொல்லுகிறேன்: வைத்தியருக்கு முன் உடம்பைக் காட்டுவதில் ஒரு அவமானமும் கிடையாது. பெண் டாக்டரோ நர்சோ வேண்டுமென்று கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். புருஷர்களுக்குச் சொல்லுகிறேன்: டயாலிசிஸ் செய்துகொள்ளுகிற பெண் வலிக்கிறது என்று சொன்னால், தோலைப் பார்த்துவிட்டு நம்பாதே, அவள் சொல்லைக் கேட்டு நம்பு. அன்றைக்கே அழைத்துக்கொண்டு போ.

வைத்தியம் என்ன?

போனால் குணமாகிவிடுமா என்று கேட்பீர்கள். நிச்சயமாய்க் குணமாகும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அப்படிச் சொல்லுகிற வியாபாரம் மந்திரக்காரனுடையது. புண் வெடிப்பதற்கு முன்னால் கண்டுகொண்டவர்களுக்கு, வெடித்த பிறகு வந்தவர்களைவிடப் பிழைக்கும் வழி அதிகம் என்பது மாத்திரம் தெரிகிறது. வைத்தியர் வார்பரின் இருந்தால் அதற்குப் பதில் வேறு மருந்து மாற்ற முடியுமா என்று பார்க்கிறார். கால்சியம் மாத்திரையையும் வைட்டமின் டி-யையும் நிறுத்துகிறார். டயாலிசிஸைக் கூட்டுகிறார். பாராதைராய்டு அளவு மீறி வேலை செய்தால் மருந்தாலோ ஆபரேஷனாலோ அடக்குகிறார். வலிக்கு மருந்து கொடுத்துப் புண்ணைச் சுத்தமாய்ப் பராமரிக்கிறார்.

இன்னொரு மருந்தும் உண்டு. பிலிம் காலத்தில் போட்டோ பிடிக்கிறவர்கள் இருட்டறையில் படத்தை நிலைக்கச் செய்ய ஹைப்போ என்ற உப்பை உபயோகிப்பார்களே, அந்தச் சோடியம் தயோசல்பேட்தான் அது. மருந்துத் தரத்தில் செய்த அந்த உப்பை டயாலிசிஸின்போது இரத்தத்தில் ஏற்றி இந்தப் புண் ஆறியதை 2004-ல் முதன்முதல் பிரசுரித்தார்கள். அதுமுதல் பல தேசங்களில் கொடுத்து வருகிறார்கள். பலருக்கு வலி குறைந்து புண் ஆறியிருக்கிறது, சிலருக்குப் பயன்படவில்லை. ஆகவே வைத்தியர்களே, இது தீர்மானமாக நிரூபிக்கப்பட்ட மருந்து என்று இன்னும் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொள்ளுகிறார்கள். இந்த ஒப்புக்கொள்ளுதலைக் கவனியுங்கள். எந்தத் தாயத்துக்காரனாவது "என் தாயத்து இத்தனை பேருக்குப் பலிக்கவில்லை" என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறானா? பலித்தால் தாயத்தின் சக்தி, பலிக்காவிட்டால் கட்டினவனுடைய பக்தியில் குறை. தோற்கவே முடியாதபடி செய்துகொண்ட வித்தையில் உண்மை எப்படி இருக்கும்?

வராமல் தடுப்பது

வந்த பிறகு வைத்தியம் கடினம் என்று ஏற்பட்டுவிட்டதனால், வராமல் தடுப்பதே பெரிய காரியம். நீரிழிவுள்ள ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரில் ஆல்புமின் ஒழுகுகிறதா என்றும், இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒழுகத் தொடங்கின காலத்திலேயே கண்டுகொண்டால், சிறுநீரகம் கெடுகிற வேகத்தைக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன. லோசார்ட்டான் என்ற இரத்த அழுத்த மாத்திரை அப்படிச் செய்கிறது என்பது 2001-லும், கானாகிளிப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை செய்கிறது என்பது 2019-லும் நிரூபிக்கப்பட்டன. 2021-ல் தமிழ்நாட்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் தொடங்கி, வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. வாசலுக்கு ஜோசியன் வந்தால் கையை நீட்டுகிறவர்கள், சோதிக்க வருகிறவரிடத்தில் "எனக்கு ஒன்றுமில்லை, போய் வா" என்று சொல்லலாமா?

டயாலிசிஸ் நடக்கிறவர்கள் பாஸ்பரஸைக் கவனிக்க வேண்டும். யந்திரம் அதில் கொஞ்சத்தைத்தான் எடுக்கும். கோயில் நோன்பு, கலியாணம், காது குத்து என்று ஒரு தடவை டயாலிசிஸைத் தள்ளிப் போட்டால் அந்தக் கொஞ்சமும் போவதில்லை. பாஸ்பரஸைக் கட்டுவதற்குக் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் கட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி உடம்பில் சேருவதில்லை. ஆனால் கறுப்புக் கோலா பானங்களிலும், பாக்கெட்டில் பக்குவப்படுத்தி விற்கும் பல பண்டங்களிலும் சேர்க்கிற பாஸ்பேட் உப்பு ஏறக்குறைய முழுவதும் உடம்பில் ஏறிவிடுகிறது. ஆகவே பாட்டி வைத்த ரசத்தைக் குற்றம் சொல்லுவதற்கு முன் பேரன் வாங்கி வந்த பாட்டிலைப் பாருங்கள். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பும் கால்சியம்தான். சிறுநீரகம் கெட்டவர்கள் அந்தப் பழக்கத்தை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. இன்சுலின் ஊசியை ஒரே இடத்தில் குத்தாமல் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். பெயர் தெரியாத பஸ்பங்களைச் சாப்பிடக் கூடாது; அவற்றில் சிலவற்றில் உள்ள பாதரசமும் ஈயமும், மிச்சமிருக்கிற சிறுநீரகத்தையும் தீர்த்துவிடும்.

"எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு இவ்வளவு எதற்கு?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். எப்படியும் சாகப்போகாதவர் இந்தக் கூட்டத்தில் யார் இருக்கிறார்? கேள்வி கேட்கிறவரும் சாகப்போகிறவர்தானே? வாழுகிற வரையில் வலியில்லாமல், மானத்தோடு, தன் பேச்சைப் பிறர் மதிக்கும்படி வாழ வேண்டும் என்பதுதான் விஷயம். பரிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து, டயாலிசிஸுக்குப் போகப் பஸ் சார்ஜ் இல்லை என்று சொல்லுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைப் பார்த்து நான் கோபிக்கவில்லை. பயத்திலே இருப்பவன் எந்தக் கொம்பையும் பிடிப்பான். பிடிக்கத் தகுந்த கொம்பு எது என்று சொல்லாமல் இருந்துவிட்ட படித்தவர்கள்மீதுதான் எனக்குக் குறை.

ஆகவே தோழர்களே, நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் போய்க் கேளுங்கள். நாலு பேரிடம் விசாரியுங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கு உங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு அம்மாள், "தோலில் ஒன்றுமில்லை, ஆனால் தாங்க முடியவில்லை" என்று சொன்னால், காவியும் எலுமிச்சம்பழமும் தேடாமல் வண்டியைத் தேடுங்கள். அவள் சிறுநீரகத்தைப் பார்க்கிற டாக்டரிடம் அன்றைக்கே கொண்டுபோய், வலி வந்த இடத்தைக் காட்டி, சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு மேஜைமேல் கொட்டுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்தாலே இன்றையக் கூட்டம் கூடினது வீண் போகாது.